உலுக்கு பிராங்க்ளினின் நான்கு ஸ்டாண்டுகள்

காட்டூர் பக்கம் பழைய கார் வைத்திருக்கிறவர்களிடம் பிராங்க்ளின் என்று மட்டும் சொன்னால், எந்த பிராங்க்ளின் என்று கேட்பார்கள். உலுக்கு பிராங்க்ளின் என்றால் உடனே தெரியும். பக்கத்து டிங்கர் கடைக்காரர்கள் கேலிக்கு வைத்த பெயர் அது. காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, அடியில் போவதற்கு முன்னால், பிராங்க்ளின் பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றி மூன்று தடவை பலமாக உலுக்குவார். அப்புறம் பின்பக்கம் போய் மூன்று தடவை, பக்கவாட்டில் மூன்று தடவை. விழுகிற வண்டியாக இருந்தால் நான் வெளியே நிற்கும்போதே விழட்டும் என்பது அவர் எண்ணம். எதிரே டீ குடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், "என்ன பிராங்க்ளினு, புளியாங்கா உலுக்குறியா?" என்பார்கள். சிரித்துக்கொள்வார். உலுக்குவதை நிறுத்த மாட்டார்.

அந்த மனிதர் மூன்று வருஷமாகப் பொன்மலைப்பட்டியில் ஒரு கட்டிலில் கிடக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. எழுந்து நடப்பார் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது, பொய் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அப்படிப் பேசுகிற நானே மூன்று வருஷமாக ஒரு பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

என் பெயர் ஆனந்தவள்ளி. தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிற ஒர்க்‌ஷாப் என் வீட்டுக்காரர் ராமர் ஆரம்பித்தது. பழைய கார்கள் என்றால் அவருக்கு உயிர். அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்று ஊரில் மற்றவர்கள் தொட மாட்டேன் என்கிற வண்டியெல்லாம் எங்களிடம்தான் வரும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் மாரடைப்பில் போய்விட்டார். பொம்பளை எங்கே ஒர்க்‌ஷாப் நடத்தப் போகிறாள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். இரண்டு மெக்கானிக்குகள் அந்த மாதமே நின்றுவிட்டார்கள். பிராங்க்ளின் மட்டும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் வந்து ஷட்டரைத் தூக்கினார். "அண்ணன் இருந்தா எத்தனை மணிக்குத் தொறப்பாரோ அத்தனை மணிக்குத் தொறக்கணும் அண்ணி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அவர் பொன்மலைப்பட்டியில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார், அதற்காக யாரையும் கூப்பிடவும் மாட்டார். குடிக்க மாட்டார். பேச்சும் குறைவு. என் வாய்க்கும் அவர் வாய்க்கும் சேர்த்துப் பங்கு போட்டால் சரியாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். காரின் அடியில் போகிற விஷயத்தில் மட்டும் பிராங்க்ளின் யாரையும் விட மாட்டார், முதலாளி என்றுகூடப் பார்க்க மாட்டார். ஒரு தடவை என் வீட்டுக்காரர் ஏதோ அவசரத்தில் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டியபோது, காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் கிரீஸ். "என்னடா இது" என்று என் வீட்டுக்காரர் கத்த, இவர் நிதானமாக, "தூக்கறது வேற அண்ணே, தாங்கறது வேற. ஜாக்கி தூக்கும். தாங்காது" என்றார்.

அந்த வார்த்தை எங்கே பிடித்தது என்று நான் பிற்பாடு கேட்டேன். பத்தொன்பது வயதில் அரியமங்கலத்தில் ஒரு ஷெட்டில் அவரும் தாஹா என்ற கூட்டாளியும் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறார்கள். ஒரு வேன் ஜாக்கியில் நின்றிருக்கிறது. தாஹா அடியில். பிராங்க்ளின் வெளியே குந்தி உட்கார்ந்து விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜாக்கியில் ஆயில் கசிந்து மெல்ல மெல்ல இறங்கியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. "விழுந்திருந்தா சத்தம் கேட்டு உருண்டிருப்பான் அண்ணி. இறங்குச்சு. அதான் தெரியல" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவருடைய நான்கு ஸ்டாண்டுகளும் அவரே செய்தவை. கழித்துப் போட்ட லாரி அச்சுக் குழாயை வாங்கி வந்து, அடியில் மூன்று கால் வைத்து வெல்டிங் பண்ணி, உயரத்துக்கு ஏற்றபடி இரும்பு முள் சொருக ஓட்டை போட்டு, தலையில் வண்டியின் அடிச்சட்டம் வழுக்காமல் உட்கார ஒரு பள்ளம் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். பச்சை பெயின்ட் அடித்து, வெள்ளையில் ம, மா, லூ, யோ என்று எழுதினார். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். நற்செய்தி எழுதிய நாலு பேரும் எங்கள் ஷெட்டில் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். "லூக்காவைக் கொண்டா", "யோவானை ரெண்டு முள் ஏத்து" என்று அவர் சொல்கிறபோது புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் சுற்றும் முற்றும் ஆளைத் தேடுவார்கள்.

பழைய வண்டி என்றால் அவர் இன்னும் மெனக்கெடுவார். முதலில் சமமான சிமென்ட் தரையில் நிறுத்த வேண்டும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கல். பிறகு சுத்தியல் பிடியால் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே போவார். துரு பிடித்து இற்றுப்போன இடம் சொத்தையாகச் சத்தம் கொடுக்கும். அங்கே மேலே எவ்வளவு தார் பூசியிருந்தாலும் ஜாக்கியும் வைக்க மாட்டார், ஸ்டாண்டும் வைக்க மாட்டார். கெட்டியான இடமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஸ்டாண்டை நிறுத்தி, ஜாக்கியை இறக்கிப் பாரம் முழுவதும் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பார். அது போதாது என்று கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளி வைப்பார். கடைசியில் உலுக்கல். மற்ற ஷெட்டில் வேலையை முடித்து வண்டியை அனுப்பியிருப்பார்கள்; இங்கே பிராங்க்ளின் அப்போதுதான் சட்டையைக் கழற்றி அடியில் போவார். நானே எத்தனையோ நாள் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. இருபத்தாறு வருஷத்தில் எங்கள் ஷெட்டில் ஒருவருக்கு விரல்கூட நசுங்கியதில்லை.

ஆயுதபூஜை எங்களுக்குப் பெரிய நாள். முதல் நாளே சாமான்களையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தரையைத் தேய்த்துக் கழுவி, கோலம் போட்டு, ஸ்பானர் முதல் டிராலி ஜாக்கி வரைக்கும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்போம். நான்கு ஸ்டாண்டுக்கும் சந்தனம் வைப்பது பிராங்க்ளின்தான். வேறு யாரையும் தொட விட மாட்டார். மத்தேயுவுக்கும் மாற்குவுக்கும் பொட்டு வைத்துவிட்டு, "நம்ம பங்குச்சாமி பார்த்தா என்ன சொல்லுவாரோ" என்று அவரே சிரித்துக்கொள்வார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிகிற வரை தொடக்கூடாது. இது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் ஷெட்டில் அது வழக்கத்துக்கும் மேலே போய்விட்டது. அதற்குக் காரணம் நான்.

என் வீட்டுக்காரர் இறந்த அந்த வருஷம், ஆயுதபூஜை அன்று சாயங்காலம், திருவெறும்பூர் பக்கம் குடும்பத்தோடு ஒரு கார் நின்றுவிட்டது என்று போன் வந்தது. பிராங்க்ளின் வரிசையிலிருந்து டிராலி ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரரே போகச் சொன்னார். பதினெட்டாம் நாள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. அறிவுக்குத் தெரிகிறது, மனசு கேட்க வேண்டுமே. சாவு வீட்டில், பத்துப் பேர் முன்னால், "நீங்க அன்னைக்கு அந்த ஜாக்கியைத் தொடாம இருந்திருந்தா எங்க வீட்டுக்காரர் இருந்திருப்பார்" என்று பிராங்க்ளினைப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் பதினாறு முடிந்து ஷட்டரைத் தூக்க வந்தார். நான் சொன்னதை நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை என்பது எட்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயுதபூஜை செவ்வாய்க்கிழமை வந்தது. பகலிலேயே பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து எல்லோரையும் அனுப்பிவிட்டேன். பிராங்க்ளின் மட்டும் இலையை எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தார். மணி இரண்டு இருக்கும். ரோட்டில் தகரத்தை இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. ஸ்ரீரங்கத்து ரெங்கராஜ் தன்னுடைய பழைய பியட்டை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உத்திர வீதியில் வீடு. அந்த வண்டி அவர் அப்பா வாங்கியது, அவருக்கு வயதும் வண்டிக்கு வயதும் ஏறக்குறைய ஒன்று.

"சைலன்சர் ஒரு பக்கம் அறுந்து தரையில இழுபடுதும்மா" என்றார். "மூணு மணிக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள வீட்டுக்குப் போய் வண்டிக்குப் பூஜை போடணும். ஒரு கம்பியைக் கொடுத்துக் கட்டிவிட்டாப் போதும். பாலம் தாண்டி வீடு போய்ச் சேர்ந்துருவேன்."

"இன்னைக்கு சாமானைத் தொட மாட்டோம்ங்களே" என்றேன்.

"ரெண்டு நிமிஷ வேலைம்மா."

பிராங்க்ளின் குனிந்து பார்த்தார். கட்டுக்கம்பி இருந்தது. டீக்கடையில் ஒரு கட்டிங் பிளேயர் இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பியட் தாழ்வான வண்டி. தூக்காமல் கை நுழையாது. உள்ளே கழுவிய தரையில் கோலமும் பூஜையும் இருந்ததால் வண்டியை உள்ளே ஏற்ற முடியாது. ரெங்கராஜ் முன் சீட்டுக்கு அடியிலிருந்து வண்டியோடு வந்த பழைய திருகு ஜாக்கியை எடுத்துக் கொடுத்தார். பிராங்க்ளின் அதைத் தரையில் வைத்துவிட்டு ஷெட்டுக்குள்ளே வந்தார். வரிசையின் ஓரத்தில் சந்தனப் பொட்டோடு நின்ற யோவானைத் தூக்கக் கையை வைத்தார்.

நான்தான் சொன்னேன். வேறு யாருமில்லை. "அதுல கை வைக்காதீங்க பிராங்க்ளின். ஒருதடவை பட்டது போதாதா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். விரலில் ஒட்டிய சந்தனத்தைக் கைலியில் துடைத்துக்கொண்டார். "சரிங்க அண்ணி" என்றார். நான் வாய்விட்ட வேகத்தில் அதை ஒரு பேச்சாகவே நினைக்கவில்லை. பொரிப் பொட்டலம் மடிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே மண் தரை. முந்தின வாரம் பெய்த மழையில் ஊறியிருந்தது. பிராங்க்ளின் செங்கல் தேடிச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். ஜாக்கிக்கு அடியில் சாமான் வந்த மரப்பெட்டியின் மூடியை வைத்தார். "ஸ்டெப்னியை எடுத்துக் குடுங்க சார், அடியில போட்டுக்குறேன்" என்றார். டிக்கி நிறைய வாழைக்கன்றும் பூசணிக்காயும் பொரி மூட்டையும் இருந்தன. "எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சு மறுபடியும் அடுக்கணுமேப்பா. நேரம் ஆயிடும்" என்றார் ரெங்கராஜ். பிராங்க்ளின் இன்னொரு தடவை ஷெட்டுக்குள்ளே பார்த்தார். அப்புறம் திருகினார். வண்டி ஏறியது.

அன்றைக்கு மட்டும் அவர் உலுக்கவில்லை. உலுக்கினால் விழுந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

தெரிந்தே ஏன் போனார் என்று இத்தனை நாளும் என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் முன்னால் ஒருமுறை அவர் தலையில் ஒரு சாவைத் தூக்கி வைத்தவள் வாசலில் உட்கார்ந்து பொரி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் மறுபடியும் அந்த ஸ்டாண்டைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பவும் பழக்கமில்லை. இரண்டு நிமிஷம் என்று நினைத்திருப்பார். சின்னச் சத்தம்தான் கேட்டது. பெட்டி மூடி பிளந்த சத்தம். ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் நிமிர்ந்தபோது பியட் அதன் உயரத்துக்கு இறங்கி நின்றிருந்தது. ஒருக்களித்துப் படுத்துக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த பிராங்க்ளினின் கால்கள் இரண்டும் வெளியே அசையாமல் இருந்தன.

டீக்கடையில் நின்ற ஏழெட்டுப் பேர் ஓடி வந்து வெறுங்கையால் வண்டியைத் தூக்கினார்கள். நாலு ஸ்டாண்டும் பொட்டு வைத்துக்கொண்டு உள்ளே நின்றன. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள்; நான் அப்போது ஓடிப்போய் யோவானைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவு கனத்தை எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. அதற்குள் அவரை வெளியே இழுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார். "ஒர்க்‌ஷாப்புல ஸ்டாண்டு கிடையாதா?" என்று கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். லூர்துராணி, அவர் மனைவி, தலைமாட்டில். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பயம்தான், வேறென்ன. பிராங்க்ளின் என்னைப் பார்க்காமல், "இருக்குதுங்க சார். நாலு இருக்கு. அவசரத்துல எடுக்க மறந்துட்டேன்" என்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ரெங்கராஜ் தரையைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். அவரும் பேசவில்லை. ஒரு வருஷம் வரை மாதம் ஒருமுறை கோயில் பிரசாதத்தோடு பிராங்க்ளினைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். பிறகு மகளோடு பெங்களூர் போய்விட்டார். வண்டியை யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் பேசியது. உலுக்கு பிராங்க்ளினே மறந்துவிட்டான், நாமெல்லாம் எம்மாத்திரம் என்று டிங்கர் கடையில் பேசிக்கொண்டார்கள். அந்த மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே பெருமை மறக்காதவர் என்பதுதான். அதையும் எனக்காகக் கொடுத்துவிட்டார்.

லூர்துராணி ஒரு பள்ளி ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டாள். மகள் பிரான்சி ஓசூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். போனில் அழுவதைத் தவிர அவளால் என்ன செய்ய முடியும்? உணர்ச்சி இல்லாத உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மூன்று வருஷமாக லூர்துராணி அதைச் செய்கிறாள். அவள் ஒல்லியானவள். எப்படித் தூக்க வேண்டும், எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று கட்டிலில் கிடந்தபடியே பிராங்க்ளின்தான் அவளுக்குச் சொல்வார். நாலு இலவம்பஞ்சுத் தலையணை. அவற்றுக்கும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்றுதான் பெயர். "மத்தேயுவை முதுகுக்கு வை. யோவானை முட்டிக்கு நடுவுல. இப்ப கையை எடு, மெதுவா" என்பார். கடைசியில் அவள் அவர் தோளைப் பிடித்து மூன்று தடவை உலுக்கிப் பார்க்க வேண்டும். முதலில் அது விளையாட்டாக இருந்தது. இப்போது யாரும் சிரிப்பதில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறேன். அந்த வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை. ஒரு தடவை ஷெட்டிலிருந்து செயின் பிளாக்கை எடுத்துக்கொண்டு போனேன். என்ஜினையே தூக்குகிற சங்கிலி. மேலே மாட்டித் துணித் தொட்டில் கட்டிவிட்டால் லூர்துராணிக்குப் பாரம் இருக்காது என்று நினைத்தேன். பிராங்க்ளின் படுத்தபடியே ஓட்டுக்கூரையை வெகுநேரம் பார்த்தார். "இந்த மரம் உளுத்தது அண்ணி. ஓட்டைத் தாங்குறதே பெரிசு" என்றார். குறுக்கே இரும்புச் சட்டம் வைக்கலாமா என்று வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டேன். சுவர் பழசு, தொடாதீர்கள் என்றார். அதுவும் உண்மைதான். சங்கிலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஷெட்டில் இப்போது கலீம் என்பவர் வேலை பார்க்கிறார். கெட்டிக்காரர், கை வேகம். அவர் ஸ்டாண்டு வைத்து உலுக்குகிற வரைக்கும் நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். ஆயுதபூஜைக்கு எல்லாச் சாமானும் வரிசையில் இருக்கும், அந்த நாலு ஸ்டாண்டு மட்டும் வெளியே வாசலில் நிற்கும். சாமி கோபித்துக்கொள்ளும் என்று ஒரு அம்மாள் சொன்னாள். "கோவிச்சுக்கட்டும், என் மேல கோவிச்சுக்கட்டும்" என்று அவளை விரட்டிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது லூர்துராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். புதன்கிழமை அவரைத் திருப்பும்போது முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டதாம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"தூக்காதேன்னா யாரு தூக்குறது, அக்கா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நான் வந்துருக்கேன்ல. நீ போய் உக்காரு" என்றேன். அவள் டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். நான் பிராங்க்ளினின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்துத் திருப்பினேன். பாதியில் பாரம் என் கையைக் கீழே இழுத்தது.

"கையை நம்பாதீங்க அண்ணி" என்றார். "முதல்ல மத்தேயுவை வைங்க. அப்புறம் பாரத்தை விடுங்க."

வைத்தேன். நாலையும் வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உள்ளே அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூணு வருஷமா வண்டியை ஜாக்கியிலயே நிறுத்தி வச்சிருக்கேன் அண்ணி. அவதான் ஜாக்கி. இறங்கிக்கிட்டே இருக்கா. எனக்குத் தெரியுது. நான் அடியில கிடக்குறேன், நகர முடியல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை நாளாக அடக்கி வைத்தது. "நான் இன்னைக்கு ராணிகிட்ட சொல்லிடப் போறேன் பிராங்க்ளின். நீங்க மறக்கலைன்னு. ஸ்டாண்டை எடுக்கப் போன உங்களை நான்தான் தடுத்தேன்னு. அவ என்னை வெட்டிப் போட்டாலும் சரி" என்றேன்.

"வேண்டாம்."

"அவ தினம் உங்களைத்தானே ஏசுறா, மறந்துட்டீங்கன்னு. கேட்டுக்கிட்டு நான் எப்படி உக்காந்திருக்கிறது?"

"ஏசட்டும். அவளுக்கு அது ஒரு ஆறுதல்" என்றார். "நீங்க சொன்னா உங்களை இந்த வாசப்படி ஏற விடமாட்டா அண்ணி. எனக்கு அவளைத் தெரியும். ஞாயித்துக்கிழமை நீங்க வர்றீங்கன்னுதான் அவ தலையைச் சீவிக்கிறா. அவளுக்குக் கீழ இருக்கிறது நீங்க ஒரு ஆளுதான். உங்களையும் உருவிட்டா அவ யார் மேல நிப்பா?"

என் பாவத்தைச் சொல்லி இறக்கி வைக்கிற வழியைக்கூட அந்த மனிதர் அடைத்துவிட்டார். கோபத்தில் அடைத்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"உலுக்கிப் பாருங்க" என்றார்.

எழுந்து அவர் தோளைப் பிடித்து மூன்று தடவை உலுக்கினேன். அசையவில்லை. நன்றாகத்தான் வைத்திருந்தேன்.

லூர்துராணி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் டம்ளரோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதீங்கக்கா. நீங்களும் அழுதா நான் எங்க போவேன்" என்றாள். அப்புறம் கட்டிலைப் பார்த்து எப்போதும் சொல்வதைச் சொன்னாள். "ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்ச மனுசன். அன்னைக்கு ஒரு நாள் மறக்காம இருந்திருந்தா..."

"மறந்துட்டேன் ராணி" என்றார் பிராங்க்ளின், சுவரைப் பார்த்தபடி.

நான் டீயை வாங்கிக் குடித்தேன்.